ஐந்து நிமிடத்தில் நின்ற சத்தம்

செய்தி வந்தபோது கரகர அக்காவின் தலை ஒரு லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் கடையில் வண்டித் தகரம் தட்டுகிற டிங்கர் வந்து, முகம் தெரியாததால் அந்தக் கால்களிடமே சொன்னார்.

“அக்கா, உங்க கொழுந்தன் வேன் சுவத்துல மோதிடுச்சாம். உள்ள பதினோரு பேர் இருந்திருக்காங்க.”

தூக்கிவாரிப் போட்டதில் நெற்றி இரும்பில் ணங்கென்று இடித்தது. வலி தெரியவில்லை. கையில் இருந்த குறடு எங்கே விழுந்தது என்றும் தெரியவில்லை. வெளியே வந்து நின்றபோது கால் தரையில் பாவவில்லை.

“உசுரோட இருக்கானா?”

“இருக்காரு. அவருக்கு மணிக்கட்டுல மட்டும்தான் அடி. பின்னாடி உக்காந்திருந்த ஒரு பொண்ணுக்குத்தான் இடுப்பு எலும்பு போயிடுச்சாம்.”

கடையைப் பூட்டத் தோன்றவில்லை. லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கிரீஸ் படிந்த கையோடு அப்படியே ஓடினாள்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கேட்டால் பட்டறைத் தெருவில் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். வண்டி ரேடியோ கரகரக்கிறது என்று சொன்னால் போதும், கையைப் பிடித்து அவள் கடை வாசலில் கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். ரேடியோ செய்கிற கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எது சுத்தமாகப் பாடுகிறது, எது தொண்டை கட்டிப் பாடுகிறது என்று பிரித்து வைக்கிற வேலை. கம்பெனியை இழுத்து மூடினார்கள். அவளுக்கு மிஞ்சியது அந்தக் காதுதான். அதை வைத்துக்கொண்டு தெருக்கோடியில் ஒரு கடை போட்டபோது, “ரேடியோ சத்தத்துக்கு ஒரு கடையா? அடுத்து ஹாரன் சத்தத்துக்கு ஒரு கடை வருமா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே வருஷத்தில், சிரித்தவர்களே தங்களிடம் வந்த வண்டிகளை அங்கே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

சத்தம் எல்லாம் ஒரே சத்தம் என்று நினைப்பது நம்மைப் போன்றவர்களின் அறியாமை. எஞ்சின் பிளக்கிலிருந்து வருவது படபடவென்று வெடிக்கும். மலிவான போன் சார்ஜரிலிருந்து வருவது உஸ்ஸென்று சீறும். டைனமோவிலிருந்து வருவதற்கு அவள் வைத்த பெயர் கொசு. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் குரல் மேலே ஏறும், காலை எடுத்தால் இறங்கும். யார் வண்டியைக் கொண்டுவந்து விட்டாலும் அவள் முதலில் ரேடியோவைத் தொடமாட்டாள். உள்ளங்கை அளவு ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தாள். எந்த ஸ்டேஷனும் பிடிக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல அதை வண்டியின் மேலெல்லாம் வைத்துக்கொண்டே போவாள். எந்த இடத்தில் அது அலறுகிறதோ அங்கேதான் கோளாறு. சில நாள் அதற்கே அரை நாள் ஆகிவிடும். அவசரப்படுகிறவர்களிடம், “வலிக்குதுன்னு கத்தறவன் வாயைப் பொத்தவா என்கிட்ட வந்தீங்க? எங்க வலிக்குதுன்னு பாக்க வேணாமா?” என்று ஒரு அதட்டல். எவ்வளவு பெரிய ஆட்களும் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அவருடைய குறட்டைக்கு மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருடைய தம்பிதான் இந்தக் கொழுந்தன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேனை ஓட்டுகிறான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து இன்றுவரை அவனுக்கு எல்லாவற்றுக்கும் அண்ணிதான்.

விபத்துக்குப் பத்தொன்பது நாள் முன்பு, காலை ஏழரை மணிக்கு, அவன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன்போல வந்து நின்றான். வேன் நிறையப் பெண்கள்.

“அண்ணி, அஞ்சே நிமிஷம். கொசு வந்துடுச்சு. பாட்டே கேக்க முடியல, எல்லாரும் என்னைத் திட்டறாங்க.”

“வண்டிய விட்டுட்டுப் போ. மத்தியானம் பாக்கறேன்.”

“விட்டுட்டுப் போறதா? எட்டு மணிக்கு கேட்டுக்குள்ள போகலேன்னா இவங்களுக்கு அரை நாள் லீவு போட்டுருவாங்க. எதையாவது ஒண்ண மாட்டி விடுங்க அண்ணி. நீங்க நெனச்சா முடியாததா?”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவள் உருகிவிட்டாள். புகழ்ச்சிக்கு மயங்காத காது உலகத்தில் இன்னும் படைக்கப்படவில்லை. சின்ன ரேடியோ அலமாரியிலேயே இருந்தது. ரேடியோவுக்குக் கரண்டு போகிற ஒயரை வெட்டி, நடுவில் இரைச்சலை வடிகட்டுகிற, சோப்புக்கட்டி அளவில் ஒரு ஃபில்டரை வைத்து, கட்டி முடித்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். கொசு போன இடம் தெரியவில்லை. பாட்டு பளிச்சென்று வந்தது. வேனுக்குள் பெண்கள் கைதட்டினார்கள்.

“காலைல ஸ்டார்ட் பண்ணும்போதும் கொஞ்சம் முனகுது அண்ணி” என்றான், வண்டியை நகர்த்திக்கொண்டே.

“பேட்டரிக்கு வயசாச்சு. உனக்கும்தான். போ, போ!”

அப்படிப் போனவன்தான் இப்போது மருத்துவமனை நடையில், மணிக்கட்டில் கட்டோடு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி எழுந்து நின்றான்.

“காலை எடுத்துட்டேன் அண்ணி. மேட்டுல ஏற மிதிச்சேன், மேல வந்ததும் காலை எடுத்துட்டேன். வண்டி கேக்கல. ஓடிட்டே இருந்துச்சு. பிரேக்க மிதிச்சும் நிக்கல. எதிர்ல பஸ்சுக்கு நிக்கிற ஜனம். சுவத்துப் பக்கம் ஒடிச்சிட்டேன்.”

அவன் அதையே நூறு தடவை சொன்னான். போலீஸிடம் சொன்னான், வேன் முதலாளியிடம் சொன்னான், பெண்டாட்டியிடம் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. வாகன ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, டயர் சரி, ஸ்டீயரிங் சரி, பிரேக்கிலும் கோளாறு இல்லை என்றார். ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகிப் போயிருந்தது உண்மை. ஆனால் முன்பக்கம் முழுக்க அப்பளமாக நொறுங்கியிருக்கும்போது எதுதான் இறுகாது? ஓட்டுநர் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார், பதற்றத்தில் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

கரகர அக்கா நம்பினாளா? இல்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லும் சாக்குகளை வாழ்நாள் முழுக்கக் கேட்டவள். யாரும் தன் கால் தப்புச் செய்தது என்று சொன்னதில்லை. நான்காம் நாள் அவன் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நல்லது சொல்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னாள்.

“ஒத்துக்கோ தம்பி. கால் மாறிப் போச்சுன்னு சொல்லிடு. மனுஷனுக்கு வர்றதுதான். இல்லவே இல்லன்னு சாதிச்சா ஏமாத்தறான்னு நெனப்பாங்க. அந்தப் பொண்ணு வீட்டுலயும் மனசு ஆறாது.”

அவன் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள், “எழுதிக் குடுத்துடறேன்” என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினான். திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் லைசென்ஸ் போய்விடும், வழக்கும் அவன் தலையில் விழும். முப்பத்தெட்டு வயது வரை வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாதவன்.

அந்தத் திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையில் வேன் முதலாளி அவளுக்கு ஆள் அனுப்பினார். வேனைத் திங்களன்று உடைக்க எடுத்துப் போகிறார்கள், அதற்குள் அந்த ரேடியோவைக் கழற்றினால் இன்னொரு வண்டிக்கு ஆகும் என்றார். அவளுக்கு அந்த வேனைப் பார்க்கவே மனம் இல்லை. ஆனாலும் வேறு யாராவது ஒயரைக் கண்டபடி வெட்டுவதை அவளால் தாங்கமுடியாது. போனாள்.

தகரக் கொட்டகையில் வேன் மூக்கு உடைந்து கிடந்தது. ஓட்டுநர் இருக்கை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. அவள் வழக்கம்போல் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கையை மேலே நீட்டினாள். ஒயரைத் தேடிய விரலில் வேறு ஏதோ பட்டது. மேடும் பள்ளமுமாக, உருகி வழிந்து இறுகிய மெழுகுவத்தி மாதிரி.

டார்ச்சைத் திருப்பினாள். ஆக்ஸிலேட்டர் கேபிள். பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கேபிளின் மேலுறை வெந்து போயிருந்தது.

மோதியதில் நசுங்கியிருந்தால் மடிந்திருக்கவேண்டும், கிழிந்திருக்கவேண்டும். இது அப்படி இல்லை. உருகியிருக்கிறது. அதுவும் எங்கே? வண்டிக்குள்ளே, பெடலுக்குப் பின்னால், ஒரு கீறல்கூட விழாத இடத்தில். வண்டியில் நெருப்பும் பிடிக்கவில்லை. கையால் பெடலை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. உள்ளே இருக்கும் கம்பியும் உறையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

“பாவி... பொய் சொல்லலியே அவன்! காலை எடுத்திருக்கானே!” என்று படுத்தபடியே கத்திவிட்டாள். வாயிலிருந்த டார்ச் கன்னத்தில் விழுந்தது. காவலாளி என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்திருக்குமா? அதற்குள் அவளுடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. நெருப்பு இல்லாமல் ஒரு கேபிள் எப்படி உருகும்?

கரண்டு போனால் உருகும். ஆக்ஸிலேட்டர் கேபிளில் எதற்குக் கரண்டு போகிறது?

எழுந்து போய், வளைந்த பானெட்டை ஒரு கம்பியால் நெம்பித் திறந்தாள். எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் சேர்க்கிற எர்த் பட்டையைத் தேடினாள். இரண்டு விரல் அகலத்தில் செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த பட்டை அது. பேட்டரியிலிருந்து கிளம்பிய கரண்டு வேலையை முடித்துவிட்டு வீடு திரும்புவது அது வழியாகத்தான். அந்த வழி அடைத்துப்போனால் கரண்டு கைகட்டி நிற்காது. கிடைத்த சந்தில் புகுந்து போகும். கிளட்ச் கேபிளோ, ஆக்ஸிலேட்டர் கேபிளோ, எது எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறதோ அதில். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் செய்யும்போதும் அந்த மெல்லிய கேபிள் அடுப்புக் கம்பியாகக் காயும்; உறை கொஞ்சம் கொஞ்சமாக இளகி, ஒரு நாள் ஓட்டத்திலேயே உள்ளிருக்கும் கம்பியைக் கவ்விக்கொள்ளும்.

பட்டை இருந்தது. இரண்டு துண்டாக இருந்தது. அறுந்த நுனிகளை விரலில் எடுத்துப் பார்த்தாள். புதிதாக அறுந்தால் செம்பு பளபளக்கும். இதில் பாசி பிடித்த பச்சை, அதன்மேல் எண்ணெய் அழுக்கு. ஒவ்வொரு இழையாக, வாரக்கணக்கில் அறுந்திருக்கிறது.

அப்போதுதான் அவள் உச்சந்தலையில் ஆணி இறங்கியது. எர்த் பட்டை இழை இழையாகப் போக ஆரம்பித்தால் வண்டியில் முதலில் என்ன தெரியும்? வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ரேடியோவில் கொசு கத்தும். ஸ்டார்ட் பண்ணும்போது முனகும். அந்தச் சின்ன ரேடியோவை எடுத்து வண்டியின் மேல் நகர்த்தியிருந்தால், நேராக இந்தப் பட்டையின் மேல் வந்ததும் அது தொண்டை கிழிய அலறியிருக்கும். ஒரு பட்டையை மாற்றக் கால் மணி நேரம் போதும்.

அவள் என்ன செய்தாள்? ஃபில்டர் மாட்டினாள்.

கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது நாள் அந்த வேன், ஐயோ என்னைப் பார் என்று கத்துவதற்கு ஒரு வாய்கூட இல்லாமல் ஓடியிருக்கிறது. அந்தப் பெண்கள் கைதட்டியது காதுக்குள் கேட்டது. இடுப்பு உடைந்தவளும் அவர்களில் ஒருத்திதான். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

ரேடியோவைக் கழற்றவே இல்லை. நேராக வாகன ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய், வரமாட்டேன் என்றவரை வாயாலேயே இழுத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான மனிதர். முதலில் சலித்துக்கொண்டார். பிறகு சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் மல்லாந்து படுத்து, பெடலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“முன்பக்கம் நொறுங்கினத பாத்தேன். இங்க குனிஞ்சு பாக்கல” என்றார். “அந்த டிரைவர் கையெழுத்துப் போட்டிருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?”

கேபிளையும் பட்டையையும் கழற்றிப் பைக்குள் போட்டு முத்திரை வைத்தார். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று அங்கேயே எழுத ஆரம்பித்தார். அவள் தொண்டையைச் செருமினாள்.

“இன்னொண்ணும் எழுதுங்க சார். விபத்துக்குப் பத்தொன்பது நாள் முன்னாடி ரேடியோவுல சத்தம் வந்துச்சு. இந்தப் பட்டை போறதாலதான் வந்துச்சு. நான் பாக்காம ஃபில்டர் போட்டு நிறுத்திட்டேன்.”

ஆய்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ரேடியோவுக்கு ஃபில்டர் போடறது குத்தமா என்ன? பட்டைய மாத்த வேண்டியது வண்டி முதலாளி.”

“எழுதுங்க சார்.”

“எங்கம்மா எழுதறது? இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டமே இல்ல.” காகிதத்தைத் திருப்பிக்கூடக் காட்டினார். உண்மைதான். டயருக்கு ஒரு கட்டம், விளக்குக்கு ஒரு கட்டம், கண்ணாடி துடைப்பானுக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அவளுக்கு இல்லை.

கொட்டகையிலிருந்து கொழுந்தன் வீடு இரண்டு தெரு. அந்த இரண்டு தெருவும் நடக்கும்போது, சொல்லாமல் விட்டால் என்ன என்று அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சட்டமே கேட்கவில்லை. அவனுக்கு நல்ல செய்தி கொண்டு போகிறாள். அதோடு நிறுத்திக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

கதவு திறந்தே இருந்தது. கொழுந்தன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் அழுத்துவதும் தூக்குவதுமாக இருந்தான். அழுத்தினான், தூக்கினான். அவளைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்தினான்.

“என்னப்பா பண்றே?”

“ஒண்ணுமில்ல அண்ணி. சொன்ன பேச்சு கேக்குதான்னு பாக்கறேன். தினமும் காலைல பாக்கறேன். இப்ப எல்லாம் நல்லாத்தான் கேக்குது. அன்னிக்கு மட்டும் ஏன் கேக்கலன்னுதான் புரியல.”

அவன் பொய்யாக ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி, அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான்.

“உன் கால் கேட்டுச்சு தம்பி. நீ காலை எடுத்திருக்கே. கேபிள் உருகி ஒட்டிக்கிச்சு. இன்ஸ்பெக்டர் பாத்துட்டாரு, எழுதிட்டாரு. நீ கையெழுத்துப் போட வேணாம்.”

அவன் வீடே அதிரும்படி கத்தினான். “ஏய்! இங்க வா! நான் காலை எடுத்திருக்கேன்டி! எடுத்திருக்கேன்!” துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி சோப்புக் கையோடு ஓடி வந்தாள். “அண்ணிதான் கண்டுபுடிச்சாங்க. அண்ணி மட்டும் இல்லன்னா...” கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவன் பெண்டாட்டி அக்காவின் கையை ஈரத்தோடு பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தக் கையை அவள் உருவிக்கொண்டாள்.

“இரு. இன்னும் முடியல.” நின்றுகொண்டே சொன்னாள். கொசுச் சத்தம் எதனால் வந்தது, பட்டை எப்படிப் போனது, ஃபில்டர் என்ன செய்தது, எதையும் விடவில்லை. “அது கத்துச்சு தம்பி. நான்தான் வாயை மூடினேன். அப்புறம் உன்கிட்ட வந்து, ஒத்துக்கோன்னு சொன்னதும் நான்தான்.”

பெண்டாட்டியின் கையிலிருந்து சோப்பு நுரை தரையில் சொட்டியது.

“நான்தானே அண்ணி அவசரப்படுத்தினேன்” என்றான் கடைசியில்.

“அவசரப்படுத்தறது உன் வேலை. முடியாதுன்னு சொல்றது என் வேலை.”

அவன் அதை மறுக்கவில்லை. மறுப்பான் என்று அவள் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்திருந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலப் பேசினான்.

“புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பொண்ணைப் பாத்தேன். நீங்க சொன்னீங்கள்ல, அவங்களுக்கு மனசு ஆறும்னு. கட்டில் பக்கத்துல நின்னு, என் கால்தான் தப்பு பண்ணிச்சுன்னு சொன்னேன். அது ஒரு வார்த்தை பேசல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிச்சு. அவங்கம்மாதான், உண்மையச் சொன்னியேப்பா, அதுவே போதும்னாங்க.”

அவன் திரும்பி அவளை நேராகப் பார்த்தான். பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிற முகம். அப்படி ஒரு பார்வையை அவள் அதில் பார்த்ததே இல்லை.

“நாளைக்கு நீங்க வாங்க அண்ணி.”

“வர்றேன்” என்றாள். “எத்தனை மணிக்குப் பாக்க விடுவாங்க?”

“நாலு மணிக்கு. மூணாவது மாடி.”